உப்புப் போட்டு வறுத்த வத்தல்

இந்த சீட்டுக்கு ஆளு இருக்கு. ஆமா, இருக்குன்னுதான சொல்றேன்.

சரி சரி, உக்காரு. எம்புட்டு நேரம் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்ப? இது என் மகளுக்குப் போட்ட சீட்டு. அவ வரல. டிக்கெட் பாக்குறவர் வந்தா நான் பேசிக்கிடுறேன், நீ வாயத் தொறக்காத. நான் கோவில்பட்டியில எறங்குற வரைக்கும் நீ தாராளமா உக்காந்துட்டு வா.

ஏம்மா மூக்கப் பொத்துற? நான் என்ன கருவாடா கட்டிட்டு வாரேன்? கறிப்பொடிம்மா, கறிப்பொடி. இந்தா, மடியில இருக்குல்ல, இந்தச் சம்படம். மூடி சரியா உக்காரல. காலையில என் மக எடுத்துக் குடுத்த அவசரத்துல பாதி மூடியும் மூடாமலுமா வாங்கிட்டு வந்துட்டேன். தும்மு, நல்லாத் தும்மு. மூடியத் தொறந்தா பக்கத்துல இருக்கிறவளுக்குத் தும்மல் வரணும். அதான் பொடி. தும்மல் வராத பொடியெல்லாம் எனக்கு மண்ணு மாதிரி.

நீங்கல்லாம் கடையில பாக்கெட்டு வாங்கித் தூவுற ஆளுக. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கோவிச்சுக்கிடாத, உள்ளதச் சொன்னேன். வாழைக்கா, சேனைக்கிழங்கு, கொத்தவரங்கா, எதை வேணாலும் எடுத்துக்கோ. எண்ணெயில நல்லா வதக்கிட்டு, எறக்கப்போற நேரத்துல இதுல ஒரு கரண்டி தூவி ரெண்டு பெரட்டுப் பெரட்டணும். தெருமுனையில வாரவன் கேப்பான், யார் வீட்டுல கறின்னு. எங்க தெருவுல கேளு. சடங்கு, காதுகுத்து, எந்த வீட்டு விசேசம்னாலும் பொடி மட்டும் என் கையாலதான். மல்லி தனியா வறுக்கணும், கடலப்பருப்பு தனியா, உளுந்தம்பருப்பு தனியா. பெருங்காயத்தக் கட்டியா வாங்கி எண்ணெயில பொரிக்கணும். கருவேப்பிலைய மொறுமொறுன்னு எடுக்கணும். கடைசியாத்தான் மிளகா வத்தலு. விளாத்திகுளத்து முண்டு வத்தலு. அது சட்டியில விழுந்த ஒடன வீடே இருமணும். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "என்னக்கா, கொல்லப் பாக்குறியா?"ன்னு கேக்கணும். அப்பத்தான் வத்தலு சரியா வறுபட்டிருக்குன்னு அர்த்தம்.

இந்த நாகரத்தினம் இருக்காளே. என் மகளோட மாமியாக்காரி. எங்க ஊருப் பக்கந்தான் அவுகளும், பொழப்புக்குக் கோயம்புத்தூர் போனவுக. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குப் போயிருந்தப்ப வாழைக்காக் கறி வச்சா. ஒரு வாய் வச்சேன். ஆத்தாடி, காரமும் இல்ல, நெடியும் இல்ல, சவச்சவன்னு இருக்கு. என்ன மதினி பொடி இதுன்னு கேட்டேன். கொஞ்சம் பொட்டுக்கடலை சேப்பாளாம். தேங்காயத் துருவி வறுத்துச் சேப்பாளாம். அதுகூடப் போகட்டும். வத்தல வறுக்குறப்ப சட்டியில கல்லுப்பு ரெண்டு போட்டு வறுப்பாளாம். எதுக்குங்குற? கமறக் கூடாதாம்! தொண்டைய அடைக்காதாம், கண்ணு எரியாதாம். அடியாத்தி, வத்தலுன்னா எரியத்தான செய்யும்? எரியக் கூடாதுன்னா வெல்லத்த வறுக்க வேண்டியதுதான?

நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. நாம பொண்ணக் குடுத்தவுக, வாயப் பொத்திக்கிட்டு வந்துட்டேன். "மதினி, இதையெல்லாம் எங்க வீட்டுல மாட்டுக்குத்தான் வைப்போம்"னு சிரிச்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னேன். அம்புட்டுத்தான்.

அதுக்கப்புறம் மாசாமாசம் பொடி இடிச்சு பஸ்ஸுல குடுத்து விட்டேன். செண்பகத்துக்கு. என் மக பேரு செண்பகவல்லி, எங்க ஊரு அம்மன் பேரு. குடுத்து விட்ட ஒடனே போன் போட்டுக் கேப்பேன், "பொடி எப்படி இருந்துச்சு?" "நல்லாருந்துச்சும்மா." "இன்னைக்கு என்ன கறிக்குப் போட்ட?" அதுக்குப் பேச்ச மாத்திருவா. ஒரு நாளு அவளையும் அறியாம வாயில வந்துருச்சு. "அத்த பொடியே இருக்கும்மா, அது நல்லாத்தாம்மா இருக்கு, நீ கஷ்டப்பட்டு அனுப்பாத."

எனக்கு வயிறெரிஞ்சு போச்சு தாயி. பெத்து வளத்து, இருவத்தஞ்சு வருசம் என் கையால தின்ன நாக்கு அது. ரெண்டு வருசத்துல ஒரு நாக்கு மாறுமா? மாறாதுல்ல? அப்ப என்ன அர்த்தம்? மருந்து. அவ என்னத்தையோ பொடியில கலந்து குடுத்திருக்கா. உப்பு போடுறேன், பொட்டுக்கடலை போடுறேன்னு வெளிய சொல்லிட்டு உள்ள வேற எதையோ போடுறா. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னா, "ஏன் இப்படிப் பேசுற, அந்தம்மா தங்கமான மனுசி"ங்காரு. அந்த வீட்டுல அவரும் ரெண்டு வேளை தின்னாருல்ல, அவருக்கும் ஏறிருச்சு போல.

சிரிக்கிற. சிரி சிரி. உனக்கும் ஒரு மக இருந்தாத் தெரியும்.

இப்ப விசயத்துக்கு வாரேன். செண்பகத்துக்கு இது ஏழாம் மாசம். வளைகாப்பு போட்டுத் தலப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். இது ஊரு உலகத்துல உள்ள வழக்கம்தான? நான் என்ன புதுசாவா கேக்குறேன்? வீட்டுல வெள்ளையடிச்சு, கட்டில் வாங்கிப் போட்டு, என் பழைய நூல் சேலையெல்லாம் தொவச்சுத் தொவச்சு பஞ்சா ஆக்கிக் கிழிச்சு மடிச்சு வச்சிருக்கேன். பிள்ளைக்கு இடுப்புத் துணிக்கு. எனக்கு ஒரே மக. அவ பிள்ளைய மொதல்ல நான்தான் கையில வாங்கணும். எனக்கு வேற ஒரு ஆசையும் இல்ல, சத்தியமா இல்ல.

வளைகாப்பு நேத்து. சொந்தக்காரங்க வேன்ல வந்து சாப்பிட்டுட்டு நேத்தே திரும்பிட்டாக. எங்க வீட்டுக்காரரும் அதுலயே போயிட்டாரு, வீட்ட ஒதுங்க வைக்கணும்ல. வேன்னா குலுங்கும், பிள்ளைத்தாச்சிக்கு ஆகாதுன்னு எனக்கும் அவளுக்கும் மட்டும் ரயில்ல சீட்டுப் போட்டது. சன்னல் சீட்டு அவளுக்கு. நீ உக்காந்திருக்கியே, அதுதான்.

நான் மட்டும் ஒரு நாள் முன்கூட்டியே போனேன். எதுக்குத் தெரியுமா? வளைகாப்புப் பந்தியில வைக்கிற கறிக்கு என் பொடிதான் போடணும்னு. அதுவும் ஊர்லருந்து இடிச்சு எடுத்துட்டுப் போகல. வத்தல், மல்லி, பருப்பு, எல்லாத்தையும் கட்டிட்டுப் போனேன். அந்த நாகரத்தினம் அடுப்படியிலயே, அவ சட்டியிலயே, அவ கண்ணு முன்னாடியே வறுக்கணும். பாக்கட்டும், வத்தல எப்படி வறுக்கணும்னு. நானும் எத்தன நாளு பொறுக்குறது?

மல்லி வறுத்தேன், பருப்பு வறுத்தேன். அது வரைக்கும் செண்பகம் பக்கத்துலயே நாற்காலியப் போட்டு உக்காந்து கருவேப்பிலை உருவிக்கிட்டு இருந்தா. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தா. நான் வத்தல் பையப் பிரிச்சேன். நாற்காலியப் பின்னுக்குத் தள்ளிக்கிட்டா. "அம்மா, கொஞ்சம் உப்புப் போட்டுக்கோயேன்"னா. நான் திரும்பிக்கூடப் பாக்கல. ஒன் மாமியா மந்திரத்த என் அடுப்புல ஓதாதன்னேன். சட்டியில வத்தல அள்ளிப் போட்டேன். சொர்ருன்னு சத்தம் வந்துச்சு பாரு, கருவேப்பிலை ஒரு பக்கம், கிண்ணம் ஒரு பக்கம். எந்திரிச்சு ஓடுறா. வயித்தப் பிடிச்சுக்கிட்டு ஓடுறா. கால்ல செருப்பு இல்ல. தெருவத் தாண்டி எதுத்த வீட்டு வாசல்ல போய் செவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் சன்னல் வழியாப் பாக்குறேன், ஒடம்பு வெடவெடன்னு ஆடுது. நெடி அங்க வரைக்கும் போகாது தாயி. சும்மா, நடிப்பு. மாமியாளுக்குக் காட்டுறதுக்கு.

அந்த நாகரத்தினம் அடுப்ப வந்து அணைக்கிறா! சட்டி அடுப்புல இருக்கு, வத்தலு பாதி வறுபட்டுக் கெடக்கு, என்னக் கேக்காம அணைக்கிறா. "மதினி, அந்தப் பிள்ளைக்கு வத்தல் வறுக்குற நெடி ஆகாது. சத்தம் கேட்டாலே ஆகாது. நானே உப்புப் போட்டு, சன்னலத் தொறந்து வச்சு, அவ மொட்டை மாடிக்குப் போனப்புறந்தான் வறுப்பேன். கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு தடவ மயக்கம் போட்டே விழுந்துட்டா"ன்னு மூச்சு விடாமச் சொல்றா. சொல்லிட்டுத் தண்ணிச் செம்பத் தூக்கிக்கிட்டு அவ பின்னாலயே ஓடுறா. என் மகளுக்கு என்ன ஆகும் ஆகாதுன்னு இவ எனக்குச் சொல்றா. நான் அடுப்பத் திருப்பிப் பத்த வச்சு வறுத்து முடிச்சேன். பாதியில விட்டா வத்தல் கசந்துரும்ல?

என்ன கேக்குற? ஏன் ஆகாதா?

பாத்தியா, நீயும் அந்த நாகரத்தினம் மாதிரியே கேக்குற. ஒண்ணும் இல்லாத விசயம். அவ சின்னப் பிள்ளையா இருந்தப்ப, ரெண்டாவதோ மூணாவதோ படிச்சா. பக்கத்து வீட்டு சீனியம்மா ஒரு தட்டுல சோறு போட்டு உருளக்கிழங்குக் கறி வச்சிருக்கா. இவ தின்னுட்டு, "அத்த, எங்கம்மா வைக்கிறத விட இது நல்லாருக்கு"ன்னு சொல்லியிருக்கா. நான் செவத்துக்கு இந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கிட்டு இருக்கேன். சீனியம்மா கெக்கெக்கன்னு சிரிக்கிறா. எனக்கு எப்படி இருக்கும்? மானம் போச்சுல்ல? வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தேன், அடுப்புக் கங்குல வத்தல அள்ளிப் போட்டேன், பிடரியப் பிடிச்சுப் பொகையில காட்டினேன். எல்லா வீட்டுலயும் செய்றதுதான. எங்கம்மா எனக்குக் காட்டல? நான் நல்லாத்தான இருக்கேன்?

ஒரே ஒரு தடவதான்.

அடிச்சதெல்லாம் கெடையாது. நான் என் மகளக் கைநீட்டி அடிச்சதே இல்ல, ஊருல யார வேணாலும் கேளு. பொகையக் காட்டுவேன், அம்புட்டுத்தான். அதுவும் பெரிய பிள்ளையானப்புறம் கதவ மட்டுந்தான் சாத்துவேன், பிடிக்கக்கூட மாட்டேன். அவளே ஒரு மூலையில உக்காந்துக்கிடுவா. அப்படி வளத்ததாலதான் இன்னைக்குப் போற வீட்டுல தலை நிமிந்து பேசாம, மாமியா சொல்றதக் கேட்டு நடக்குறா. நல்ல மருமகன்னு பேரு எடுத்திருக்கா. அந்தப் பேரு யாரால வந்துச்சு? யாராவது என்ன நினைச்சாகளா?

என்ன அப்படிப் பாக்குற? சன்னல் பக்கம் தள்ளி உக்காந்துக்கிட்ட? காத்து வரணுமா? சரி.

நேத்து வளைகாப்பு நல்லா நடந்துச்சு. நான்தான் மொத வளையலப் போட்டேன். சந்தனம் பூசினேன், குனிஞ்சு உக்காந்திருந்தா. கன்னத்துல என் கை பட்டப்ப கண்ண மூடிக்கிட்டா. சின்ன வயசுலருந்தே அப்படித்தான், கூச்சம். பந்தியில என் பொடி போட்ட கறி ஒரு சட்டி, நாகரத்தினம் பொடி போட்டது ஒரு சட்டி. நான் பரிமாறிக்கிட்டே எல்லார் எலையவும் பாத்தேன். என் கறி எலையில மிஞ்சாமப் போச்சு, அதுல ஒரு கொறையும் இல்ல. செண்பகம் எலையப் பாத்தேன். என் கறி வச்சது வச்சபடி இருக்கு. எலையோட சுருட்டி மடிச்சுட்டா. தண்ணியக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டா. நாலு பேரு பாத்தாக.

காலையில நல்ல நேரம் பாத்துக் கெளம்புறோம். மாப்பிள்ளை கதிரேசன் ஆட்டோ பிடிக்கப் போயிருக்காரு. பெட்டி வாசல்ல இருக்கு. அவ வெளிய வரல. உள்ள போனேன். கட்டில்ல உக்காந்திருக்கா, மடியில இந்தச் சம்படம். நான் வறுத்துப் பொடிச்சு அவளுக்குன்னு எடுத்து வச்சது.

"எந்திரி தாயி, நேரமாச்சு"ன்னேன்.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"போற வழியில கேளு."

"இல்ல, இப்பவே கேக்கணும். பெறக்குறது பொம்பளப் பிள்ளையா இருந்து, அது வளந்து ஒரு நாளு ஒன் கையால தின்னுட்டு, ஆச்சி, இது நல்லால்லன்னு சொன்னா நீ என்ன செய்வ?"

இது என்ன கேள்வி சொல்லு? கெளம்புற நேரத்துல, பெட்டிய வாசல்ல வச்சுக்கிட்டு, இன்னும் பெறக்காத பிள்ளையப் பத்தி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

"சொல்லிருமாக்கும்? சொல்லட்டும் பாப்போம்"னேன்.

வேற என்ன சொல்லுவாக? எந்த ஆச்சியா இருந்தாலும் இதத்தான சொல்லுவா? கொஞ்சுற பேச்சுதான இது?

அவ மூஞ்சியில கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. எந்திரிச்சு வந்து இந்தச் சம்படத்த என் கையில குடுத்தா. "நீ போம்மா. நான் வரல"ன்னா. "பிரசவம் இங்கயே பாத்துக்கிடுறேன். பிள்ளையப் பாக்கணும்னா வா, பாத்துட்டுப் போ. அங்க கூட்டிட்டு வர மாட்டேன்."

நான் கத்தினேன். ஆமா, கத்தினேன். கத்தாம? தலப்பிரசவத்துக்கு மகளக் கூட்டிட்டு வராம வெறுங்கையோட வந்து எறங்கினா எங்க தெருவுல நான் எப்படி நடமாடுவேன்? பெத்தவ ஊரு மூஞ்சியில எப்படி முழிப்பா? எல்லாம் இவ செஞ்ச வேலைதான்னு நாகரத்தினத்தப் பிடிபிடின்னு பிடிச்சேன். மருந்து வச்சு மயக்கிட்டன்னு வாசல்லயே நின்னு சொன்னேன். அவ என்னடான்னா, "செண்பகம், அம்மா கூடப் போம்மா, தாய் வீடு தாய் வீடுதான்"னு என் மககிட்டத்தான் கெஞ்சுறா. அந்த நடிப்பையும் பாரு. மகக்காரி மாட்டேன்னு தலைய ஆட்டிட்டு, உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. உள்பக்கம் தாப்பாள் போட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

நான் தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன். ஆட்டோக்காரர் ஆரன் அடிக்கிறாரு. அம்மாதான தட்டுறேன், தொற தாயின்னு சொன்னேன். தொறக்கல.

அழுகையெல்லாம் ஒண்ணுமில்ல. பொடி நெடி கண்ணுல ஏறிருச்சு. மூடியக் கொஞ்சம் அழுத்தி விடு.

பசிக்குது. நீ சாப்பிட்டியா? இந்தா, பொட்டலம் இருக்கு. நாகரத்தினம் விடியக்காலையிலயே எந்திரிச்சுக் கட்டினது. வேண்டாம்னு சொல்லச் சொல்ல ஆட்டோவுக்குள்ள வச்சுட்டா. தயிர்சோறும் உருளக்கிழங்குக் கறியும். பாரு, ரெண்டு பொட்டலம், ரெண்டு பேருக்குக் கட்டியிருக்கா. ஒண்ணுல செண்பகத்துக்குன்னு மாவடு தனியா வச்சிருக்கா. வர மாட்டாங்குறவளுக்கு எதுக்குக் கட்டினாளோ, அவளுக்கே வெளிச்சம்.

நீ ஒண்ணு எடுத்துக்கோ. எடுத்துக்கோங்கேன், வீணாத்தான போகும். இரு இரு, இப்படிச் செய்வோம். அந்த உருளக்கிழங்குல ஒரு துண்டு தின்னு. அது அவ பொடி. தின்னாச்சா? இப்ப சோத்து ஓரத்துல என் பொடியில கொஞ்சம் வைக்கிறேன், அதத் தொட்டுத் தின்னு. தண்ணி குடிக்காத, குடிச்சா ருசி தெரியாது. நீ மூணாம் மனுசி. ஒனக்கு அவ மேல பாசமும் இல்ல, என் மேல பயமும் இல்ல. ரெண்டுல எது நல்லாருக்குன்னு உள்ளதச் சொல்லு. பயப்படாமச் சொல்லு தாயி, நான் கோவிச்சுக்கிட மாட்டேன்.

என்ன? சத்தமாச் சொல்லு, ரயில் சத்தத்துல கேக்கல.

எது, இதுவா? இந்தக் கிழங்கா?

இன்னொரு துண்டு தின்னு பாரு. நாக்கு மரத்திருக்கும். என் பொடிய இன்னும் கொஞ்சம் வச்சுத் தின்னு. இன்னும் வை. வைய்யி. கண்ணுல தண்ணி வந்தா வரட்டும், வரத்தான் செய்யும். இப்பச் சொல்லு.

அடி சிறுக்கி. பயப்படாமச் சொல்லுன்னா, சொல்லிருவியா? என் மக சீட்டுல உக்காந்துக்கிட்டு, என் கையால வாங்கித் தின்னுட்டு, என் மூஞ்சியப் பாத்தே சொல்லிருவியா?

ஏன் பையத் தூக்குற? எங்க எந்திரிக்கிற? நான் இப்ப ஒன்ன என்ன செஞ்சுட்டேன்? தொட்டனா, அடிச்சனா? ஒரு வார்த்தை சத்தமாப் பேசினா ஓடிருவீகளா எல்லாரும்? உக்காரு. மதுரை வர இன்னும் நேரம் இருக்கு, நின்னுக்கிட்டே போக முடியாது. உக்காருன்னு சொல்றேன்ல.

போ. போய் வாசல் கம்பியப் பிடிச்சுக்கிட்டே நில்லு. ஏய்யா, நீ எங்க வார? பைய வைக்காத. அந்த சீட்டுக்கு ஆளு இருக்கு.